பழைய மருந்து, புதிய கணக்கு

1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழியில்தான் வடசென்னையின் பொது மருத்துவம் வளர்ந்தது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவானது. அதனோடு இணைந்த ராயபுரம் ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனையைச் சுற்றுவட்டாரம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றே அறியும். மீனவர், துறைமுகத் தொழிலாளர் வீடுகளின் பிள்ளைப்பேறு பல தலைமுறைகளாக அங்கு நடக்கிறது. பிறந்த சில நாட்களில் குழந்தைக்கு வலிப்பு வந்தால், முன்னாளில் அதை ஜன்னி என்று அஞ்சி மனம் தளர்ந்தார்கள். அந்த அச்சத்துக்குப் பெரும் காரணமாயிருந்த பச்சிளங்குழந்தை ரணஜன்னி, தாய்மார் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் ஒடுங்கியது. இந்தியா அதை ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டது. மூச்சுத்திணறலாலும் சர்க்கரைக் குறைவாலும் வரும் வலிப்புகள் மட்டும் இன்னும் நம்மை விடவில்லை. அவற்றுக்கு வலிப்பு மருந்துகளில் முதலில் கொடுக்கும் பினோபார்பிடோன் 1912 முதல் வலிப்புக்குப் பயன்படுவது. நூற்றாண்டு கடந்தும் மருந்து மாறவில்லை; மாறியது அளவும் கண்காணிப்பும்தான். பச்சிளங்குழந்தை வலிப்பு மருத்துவத்தின் உண்மையான முன்னேற்றம் அதுவே என்பது என் வாதம்.

பிறந்த குழந்தையின் கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகவே கழிக்கும். முதல் வாரத்தில், உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே நூறு மணி நேரத்துக்கு மேலாகலாம். பெரியவர்களின் தினசரி அளவைச் சுருக்கிக் கொடுத்தால் பலன் தெரியப் பல நாட்களாகும். அதற்குள் மூளைக்குச் சேதம் நேரலாம். அதனால்தான் முதலில் எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஒரே தவணையாக மெல்ல ஏற்றி, பிறகு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் என்று தொடர்கிறார்கள். கூடினால் மயக்கமும் மூச்சடக்கமும் வரும். சில வாரங்களில் கல்லீரல் முதிர்ந்ததும் அதே அளவு போதாமலும் போகும். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது இந்த இரு பக்க ஆபத்துக்காகத்தான்.

புதிய மருந்து வந்தால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2020இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் 24 மணி நேரம் வலிப்பு அடங்கியிருந்தது பினோபார்பிடோன் பெற்றவர்களில் 80 சதவீதத்தினருக்கு. புதியதான லெவிடிரசிட்டாம் பெற்றவர்களில் 28 சதவீதத்தினருக்குத்தான். எடையும் கண்பார்வையும் போதும், கருவிகள் ஏழை வட்டாரத்துக்கு ஆடம்பரம் என்பது இன்னொரு வாதம். சர்க்கரைப் பரிசோதனையும் சரியான எடையும் முதலில் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மருந்துக்குப் பின் கைகால் துடிப்பு நின்றும் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அதை மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. மட்டுமே காட்டும். கண்ணுக்கு அடங்கியதை நம்பி நிறுத்தினால், இழப்பு குழந்தையின் வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆகவே ராயபுரம் முதல் எண்ணூர் வரை பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் இந்தக் கண்காணிப்பு எட்டும்படி செய்வதே அரசின் முதல் செலவாக இருக்க வேண்டும்.