சீனச் சுற்றுலா: கட்டிய ஆண்டும் இடிந்த ஆண்டும்

சீனாவுக்குக் குழுச் சுற்றுலா போகிறவர்களின் பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பெய்ஜிங், அங்கே அரண்மனை, பெருஞ்சுவர். அடுத்து சியான், அங்கே சுடுமண் வீரர்கள். பிறகு தெற்கே ஹாங்சௌ ஏரி, கடைசியில் ஷாங்காய் கடைவீதி. எட்டு நாளோ பத்து நாளோ கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் ஓடி, ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம்.

ஒவ்வொரு இடத்திலும் வழிகாட்டி ஓர் எண்ணைச் சொல்வார். "இது அறுநூறு வருஷத்துக்கு முந்தையது", "இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது" என்று. அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கணக்குதான். அந்த இடம் எப்போது இடிந்தது, யார் இடித்தார்கள், தப்பியது என்றால் யாரால் தப்பியது என்பதெல்லாம் மீதிக் கணக்கு. என்னைக் கேட்டால், சீன வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது இந்த மீதிக் கணக்கைத்தான். அதே சுற்றுலா வரிசையில் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

பெய்ஜிங்: தப்பிய அரண்மனை, தப்பாத மதில்

'தடைசெய்யப்பட்ட நகரம்' எனப்படும் அரண்மனையை மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லே 1406இல் கட்டத் தொடங்கினார், 1420இல் முடிந்தது. முடிந்த மறு வருடமே, 1421இல், மூன்று பெரிய மண்டபங்களும் தீயில் எரிந்து போயின. மரக்கட்டடம் அல்லவா? கட்டுவதும் எரிவதும் மறுபடி கட்டுவதுமாகத்தான் அதன் கதை. இன்று எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெரிய மண்டபம் 1690களில், கன்ஷி பேரரசர் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டது.

கடைசிப் பேரரசர் புயி 1924இல் வெளியேற்றப்பட்டார். 1925 அக்டோபர் 10 அன்று அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எட்டே வருடத்தில் ஜப்பானியப் படை வடக்கே நெருங்கிவிட, 1933இல் அருங்காட்சியகத்தின் பொக்கிஷங்களை 13,000க்கும் மேற்பட்ட பெட்டிகளில் கட்டித் தெற்கே அனுப்பினார்கள். 1937இல் போர் முற்றியதும் அவை மூன்று வழிகளாகப் பிரிந்து ரயிலிலும் லாரியிலும் படகிலும் சீனாவின் உள்நாட்டு மலைப் பகுதிகளுக்குப் போயின. போர் முடிந்து திரும்பியவற்றில் 2,972 பெட்டிகள், உள்நாட்டுப் போரில் தோற்ற அரசுடன் சேர்ந்து 1948-49இல் தைவானுக்குக் கப்பல் ஏறின. அதனால்தான் பெய்ஜிங்கில் கட்டடமும், தைபேயில் அந்தச் சேகரிப்பின் ஒரு முக்கியமான பகுதியுமாக இன்று அது பிரிந்து கிடக்கிறது.

அடுத்த கண்டம் 1966இல் வந்தது. கலாச்சாரப் புரட்சி தொடங்கி, "பழையதை அழிப்போம்" என்று செங்காவலர்கள் கிளம்பிய நேரம். பிரதமர் சௌ என்லாய் அரண்மனை வாயில்களை மூடச் சொல்லி, காவலும் போட்டார். 1971 வரை அது திறக்கவில்லை. இன்று நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிகிறதென்றால், அந்த மூடிய கதவும் ஒரு காரணம்.

அரண்மனை தப்பியது. ஆனால் அதைச் சுற்றி நகரத்துக்கே அரணாக நின்ற மதில்? அது தப்பவில்லை. கட்டடக் கலை வரலாற்றாசிரியர் லியாங் சிசெங் 1950இல் நகரத் திட்டவல்லுநர் சென் ஜான்சியாங்குடன் சேர்ந்து ஒரு திட்டம் கொடுத்தார். புதிய அரசு அலுவலகங்களைப் பழைய நகருக்கு மேற்கே கட்டுங்கள், பழைய நகரை அப்படியே விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். மதிலின் மேல்தளத்தை மக்கள் உலாவும் பூங்காவாக்கலாம் என்றும் அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. 1950களில் தொடங்கிய இடிப்பு, 1965இல் சுரங்க ரயில் வேலை ஆரம்பித்ததும் வேகம் எடுத்தது. 1969இல் சிசிமென் வாயிலை இடிக்கும்போது, அதன் வயிற்றுக்குள் மங்கோலியர் ஆண்ட யுவான் வம்சக் காலத்து வாயில் ஒன்று முழுசாகப் புதைந்திருந்தது தெரிந்தது. அதையும் இடித்துவிட்டார்கள். லியாங் 1972இல் இறந்தார்.

இன்று பெய்ஜிங்கின் இரண்டாம் எண் சுரங்க ரயிலில் ஏறினால் சிசிமென், ஃபூசெங்மென், சாவோயாங்மென் என்று நிலையங்கள் வரும். 'மென்' என்றால் சீன மொழியில் வாயில். வாயில்கள் போய்விட்டன, பெயர்கள் மட்டும் ஒலிபெருக்கியில் வருகின்றன. 1957இல் இடித்த யோங்டிங்மென் வாயிலை 2004இல் அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். இடிக்கவும் செலவு, கட்டவும் செலவு!

பெருஞ்சுவர்: எந்தச் சுவர்?

'சின் ஷி ஹுவாங் கட்டிய 2,000 வருடப் பழைய சுவர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சுற்றுலாக் குழுக்கள் ஏறும் பாதாலிங் பகுதி அது இல்லை. அவர் காலத்துச் சுவர் பெரும்பாலும் இடித்துக் கெட்டித்த மண்ணால் ஆனது; அது இன்னும் வடக்கே ஓடியது. நாம் படத்தில் பார்க்கும் செங்கல் சுவர் மிங் காலத்தது. பாதாலிங் பகுதியை 1950களில் செப்பனிட்டுப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் ஏறியதும் அங்கேதான்.

மற்ற பகுதிகளின் நிலை வேறு. பல கிராமங்களில் சுவரின் செங்கற்கள் வீட்டுக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் போயின. 1984இல் டெங் சியாவோபிங் ஆதரவோடு சுவரைச் செப்பனிடும் இயக்கம் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. செங்கல்லை எடுத்த விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எந்த எதிரியும் வராத ஒரு சுவர், பக்கத்தில் கூரையில்லாத வீடு. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால்?

எரித்ததை எரித்தபடியே

பெய்ஜிங்கில் பல குழுக்கள் 'கோடைக்கால அரண்மனை'யைப் பார்ப்பார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழைய கோடைக்கால அரண்மனையான யுவான்மிங்யுவானுக்கு நேரம் ஒதுக்குவது குறைவு. 1860 அக்டோபரில், இரண்டாம் அபினிப் போரின் முடிவில், ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் அதைக் கொள்ளையடித்தன. தங்கள் தூதுக்குழுவினரில் பலர் சிறையில் சித்திரவதைப்பட்டு இறந்ததற்குப் பதிலடி என்று சொல்லி, எல்ஜின் பிரபு அதை எரிக்க உத்தரவிட்டார். அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று சீனாவில் அவ்வப்போது குரல் எழும். ஆனாலும் அந்த உடைந்த பளிங்குத் தூண்கள் இன்றும் கிடந்தபடியே கிடக்கின்றன. அந்நியன் செய்த அழிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம்.

நியாயம்தான். ஆனால் சொந்த மக்கள் செய்த அழிவு?

சூஃபு: மாணவர்கள் வந்த நாள்

பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு ரயிலில் போகும் வழியில் ஷான்டோங் மாகாணத்து சூஃபு இருக்கிறது. கன்ஃபூசியஸ் பிறந்த ஊர். அவருடைய கோயிலும் குடும்ப மாளிகையும் கல்லறைக் காடும் 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அங்குள்ள கல்வெட்டுப் பலகைகளை உற்றுப் பார்த்தால் பலவற்றில் உடைந்து ஒட்டவைத்த தழும்பு தெரியும். 1966 நவம்பரில் பெய்ஜிங்கிலிருந்து வந்த செங்காவலர்கள் செய்த வேலை அது. வந்தவர்கள் பட்டாளத்துக்காரர்கள் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கான ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்! ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை உடைத்தார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள், கன்ஃபூசியஸ் சிலையை ஊர்வலமாக இழுத்துப் போய் எரித்தார்கள்.

நம் வயசு. நாளைக்கு வாத்தியார் ஆகப் போகிறவர்கள். நல்லது செய்கிறோம் என்று முழு மனதோடு நம்பியவர்கள். இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். கோயிலை இடிக்கக் கெட்டவர்கள்தான் வர வேண்டும் என்பதில்லை.

சியான்: தந்தி காப்பாற்றிய மதில்

பெய்ஜிங் இழந்ததை சியான் வைத்திருக்கிறது. 1370களில் கட்டிய, சுமார் 13.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில். இன்று சுற்றுலாப் பயணிகள் அதன் மேல் வாடகை சைக்கிள் ஓட்டுகிறார்கள். 1958 வாக்கில் இதையும் இடிக்க முடிவானது. உள்ளூர்த் தொல்பொருள் அறிஞர்கள் மத்திய அரசுக்குத் தந்தி அடித்தார்கள். 1959இல் மேலிடம் இடிப்பை நிறுத்தச் சொன்னது. 1961இல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் மதில் சேர்ந்தது. லியாங் சிசெங் பெய்ஜிங்குக்குக் கண்ட கனவு சியானில் பலித்தது என்று சொல்லலாம்.

சுடுமண் வீரர்களின் கதை வேறு. 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்தார்கள்; 1979இல் அருங்காட்சியகம் திறந்தது. ஏறக்குறைய 8,000 வீரர்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நாம் பார்க்கும் கம்பீரமான வரிசை அப்படியே தோண்டி எடுத்ததல்ல. துண்டு துண்டாகக் கிடந்தவற்றை வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டியது. முதலில் அவற்றில் வண்ணப்பூச்சு இருந்தது. காற்று பட்டதும் நிமிடங்களில் உரிந்துவிட்டது. பக்கத்திலுள்ள பேரரசரின் கல்லறை மேட்டை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்ற பயம். காப்பாற்றுவதற்குச் சில சமயம் தொடாமல் இருப்பதே வழி.

இதே ஊரில் பெரிய காட்டு வாத்துக் கோபுரம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து யுவான் சுவாங் கொண்டு வந்த ஏடுகளைக் காக்க 652இல் எழுப்பியது. நம் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதி வைத்தாரே, அவரேதான். முதலில் ஐந்து நிலை. பல முறை திருத்தப்பட்டு இன்று ஏழு நிலை.

ஹாங்சௌ, வூஹான்: லிஃப்ட் வைத்த பழமை

ஹாங்சௌவின் மேற்கு ஏரிக்கரையில் லெய்ஃபெங் கோபுரம். 975இல் கட்டியது. வெள்ளைப் பாம்புப் பெண்ணை அதனடியில் அடைத்து வைத்தார்கள் என்பது நாட்டுப்புறக் கதை. அதிர்ஷ்டம் தரும் என்று மக்கள் செங்கல் செங்கலாக உருவிக்கொண்டே போக, 1924 செப்டம்பரில் கோபுரம் சரிந்தது. 2002இல் கட்டிய புதிய கோபுரத்தில் லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ஆனால் பழைய அடித்தளத்தின் இடிபாட்டைக் கண்ணாடிக்குள் அப்படியே காட்டுகிறார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வூஹானின் மஞ்சள் கொக்கு மாடம் 1884இல் எரிந்தது. 1957இல் யாங்சி ஆற்றுப் பாலம் வந்தபோது அதன் பழைய இடமும் போய்விட்டது. 1985இல் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி கான்கிரீட்டில் புதிதாகக் கட்டினார்கள். "அப்படியென்றால் போலிதானே?" என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்த மாடம் நூற்றாண்டுகளாகப் பல முறை எரிந்து, பல முறை எழுந்தது. டாங் காலத்துக் கவிஞர்கள் பாடியதால் பெயர் நின்றது. பெயர் நின்றதால் மறுபடி மறுபடி கட்டினார்கள். மரத்தில் கட்டும் நாட்டில் பழமை என்பது கட்டையில் இல்லை, நினைவில் இருக்கிறது.

வரிசையில் இல்லாத ஓர் ஊர்

வழக்கமான குழுச் சுற்றுலா போகாத ஊர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபூஜியான் கடற்கரையின் சுவான்சௌ. (குவாங்சௌ வேறு ஊர்.) 1281 சித்திரையில், குப்ளாய் கான் ஆட்சியில், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவன் கோயிலில் மன்னரின் நலனுக்காகத் திருமேனி எழுந்தருளச் செய்தார் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. தமிழிலும், ஒரு வரி சீனத்திலும் எழுதிய அந்தக் கல் 1956இல் கிடைத்தது. கோயில் இன்று இல்லை. ஆனால் அங்குள்ள கையுவான் புத்த விகாரையின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால், இந்து தெய்வங்கள் செதுக்கிய தூண்களைப் பார்க்கலாம். ஒரு கோயிலின் கற்களை இன்னொரு கோயில் ஏற்றுக்கொண்டதால் அவை பிழைத்தன.

பூட்டிய கதவு, ஒரு தந்தி, ஒட்டவைத்த துண்டுகள், வேறொரு கோயிலின் பின்புறம் என்று, பழையது பிழைக்க எத்தனை வழிகள்! திரும்பக் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. புதிய கட்டடம் பழைய இடிப்பை மறைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். எனவே சீனாவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், வழிகாட்டி "இது அறுநூறு வருஷத்துக்கு முந்தையது" என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டு நகராதீர்கள். "கடைசியாக எப்போது கட்டினார்கள்? அதற்கு முன்னால் இருந்தது என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். மற்றவர்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் உங்களுக்கு ஒரு நல்ல கதை கிடைத்திருக்கும்.