கோடி என்றால் கடைசி

கோடி வடசொல்லாம்; பேரெண்களில் தமிழுக்கு உரிமை நூறாயிரத்தோடு முடிந்ததாம். தமிழ் கற்றவர்களே மேடையேறி இப்படிச் சொல்வதைப் பொறுக்க முடியவில்லை. தெருக்கோடி, கடைக்கோடி என்று நாள்தோறும் பேசுகிற வாய்க்கு எண்ணில் வரும் கோடி மட்டும் எப்படி அயலாகும்?

கோடுதல் வளைதல். யானைத் தந்தமும் விலங்கின் கொம்பும் கோடு. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வேண்டும் கோடாமை, நெஞ்சு வளையாமை. வளைந்து சென்றது முடியும் நுனி கோடி. நிலம் கடலோடு முடியுமிடம் கோடியக்கரை. தனுஷ்கோடியில் தனுசு வடசொல்தான். கோடியோ வில்லின் நுனி. வடமொழி அகராதிகளும் அந்தப் பொருளையே முன்வைக்கின்றன. பிறந்த வீட்டார் போடும் கோடி புதுத்துணி. அது வேறு சொல். அதை எண்ணோடு முடிச்சுப் போடுவாரோடு எனக்குப் பேச்சில்லை.

யஜுர்வேதத்தின் எண்வரிசையில் கோடி இல்லை. அங்கே 1,00,00,000க்கு அர்புதம் என்று பெயர். கி.பி. 499இன் ஆரியபட்டீயத்தில் அந்த இடத்தில் கோடி உட்கார்ந்திருக்கிறது. அர்புதம் ஒரு படி மேலே தள்ளப்பட்டுவிட்டது. இடையில் வந்து நுழைந்த சொல்லுக்கு வேர் எங்கே என்று நம் எதிராளிகள் கேட்டதே இல்லை.

எண்ணின் இயல்பால் பெயர் வந்ததா என்றால் அதுவும் இல்லை. கோடி என்பது பத்தை ஏழு முறை பெருக்கியது. அதன் பகாக்காரணிகள் 2, 5 இரண்டே, வகுத்திகள் 64. முழு வர்க்கமுமன்று, முழுக் கனமுமன்று. தன்னை நீக்கி மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 1,49,02,280 வந்து தன்னையே விஞ்சும். ஆனால் நூறும் ஆயிரமும்கூட அப்படி விஞ்சுவனவே. கோடியின் தனித்தன்மை கணக்கில் இல்லை. எண்ணுகிறவன் அங்கே நின்றுவிட்டான் என்பதில் இருக்கிறது. அதற்கு மேல் பேச்சுவழக்கில் புதுப்பெயர் ஏது? பத்துக் கோடி, நூறு கோடி, இன்றைய வரவுசெலவுத் திட்டத்தில் லட்சம் கோடி. தீ நட்பைப் பற்றிப் பேசும் வள்ளுவரும் கோடியைத் தாண்ட அதையே பத்தால் பெருக்குகிறார்.

தொல்காப்பியர் ஐ, அம், பல் என்ற ஈறுகளால் சுட்டும் தாமரை, வெள்ளம், ஆம்பல் எங்கே போயின என்பார்கள். அவை புலவர் எண்கள். பரிபாடலில் ஊழிக்காலத்தை அளக்க வந்தவை. அந்த நூற்பாவில் கோடி இல்லையே என்பதும் வாதமன்று. அது புணர்ச்சி விதி, எண்வாய்பாடு அன்று. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் நெறியைச் சொன்ன பிசிராந்தையார் வாயில் வந்தது கோடியே.

கடைசி என்று பொருள்பட்ட தமிழ்ச்சொல்லே கடைசி எண்ணுக்குப் பெயராகி வடக்கே போயிற்று. எண்ணுப்பெயரான கோடிக்கு எதிரே அகராதிகளில் நிற்கும் ‘வடசொல்’ என்ற குறிப்பை நீக்கியாக வேண்டும்.