பசுமரமும் கடைசலும்: ஈரம் போக்கும் மரபுகள் மூன்று

‘பசுமரத்தாணி’ என்னும் வழக்கைத் தமிழர் யாவரும் அறிவர். ஈரம் உள்ளவரை மரம் இளகியிருக்கும், அதில் ஆணி எளிதில் இறங்கும் என்னும் பட்டறிவே அவ்வுவமைக்கு அடிப்படை. ஆணி இறங்குவது போலவே உளியும் இறங்கும். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவமைக்கும் தொழிலைக் கடைசல் என்கிறோம். தயிர் கடைதற்கும் மரம் கடைதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குவது தற்செயலன்று. மத்தைக் கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவது போலவே, பழைய கடைசற் பட்டறையிலும் கயிற்றை இழுத்தே மரத்தைச் சுழற்றினர். ஆள்வலியால் இயங்கும் இப்பொறிக்கு இளகிய பசுமரமே ஏற்றது. ஆயின், அப்பசுமரமே உலருங்கால் வெடித்துக் கடைந்த பொருளைக் கெடுக்கும். கடைதற்கு ஈரம் துணை. நிலைத்தற்கு ஈரமே பகை. இம்முரணைத் தீர்க்க எழுந்த மரபுகள் மூன்றனை ஒப்பிட்டு, நாகசுரத்திற்குப் பழைய மரத்தையே நாடும் நம் நாட்டு வழக்கின் காரணத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் மரம் ஏன் வெடிக்கிறது என்பதை அறிதல் வேண்டும். பசுமரத்தில் நீர் இருவகையாக உள்ளது: உயிரணுக்களின் உட்குழியில் தேங்கிய நீர் ஒன்று, அவற்றின் சுவரில் ஊறிய நீர் மற்றொன்று. உட்குழி நீர் நீங்கும்வரை மரம் சுருங்குவதில்லை. சுவரில் ஊறிய நீர் நீங்கத் தொடங்கும்போதே சுருக்கமும் தொடங்கும். இவ்வெல்லையை 1906இல் ஹாரி டீமன் என்னும் அமெரிக்க அறிஞர் வரையறுத்தார். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரம் என்பது அவ்வெல்லை. அதன்பின் நிகழும் சுருக்கமும் எத்திசையிலும் ஒத்ததன்று. நீளவாட்டில் அது மிகச் சிறிது. நடுவிலிருந்து புறம்நோக்கிய ஆரவாட்டில் அதனினும் மிகுதி. ஆண்டு வளையங்களின் போக்கிலோ ஆரவாட்டைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆதலின் நடுக்குருத்தோடு கூடிய முழு உருளை, தன்னுள் எழும் இழுவிசையைத் தாங்காது பிளக்கிறது. மேலும், புறம் உலர்ந்து சுருங்க, அகம் ஈரத்தோடு சுருங்காது நிற்றலும் வெடிப்பிற்குக் காரணம். வெட்டுமுனைகள் வழியே நீர் விரைந்து வெளியேறுவதால் வெடிப்பு அங்கே முதலில் தோன்றும். முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசுதல், உருளையை நடுக்குருத்து வழியே பிளந்து வைத்தல், வெயிலும் கடுங்காற்றும் படாத நிழலில் இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்குதல் ஆகியவை இதனால் எழுந்த முறைகளே. இவை ஈரத்தைத் தடுப்பன அல்ல. அது சீராக நீங்கச் செய்வன.

முதல் மரபு, பச்சையாகவே கடைந்து பின்னர் உலரவிடுவது. இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுகளின் பீச் மரக் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்த பாட்ஜர் என்னும் வினைஞர் இதற்குச் சான்றாவர். அவர்கள் வெட்டிய மரத்தைக் காட்டிலேயே ஆப்புகளாகப் பிளந்து, கோடரியால் செதுக்கி, வளைகழியின் மீள்விசையும் கால்மிதியும் கொண்டு இயங்கும் பொறியில் கடைந்தனர். அதுவும் கயிற்றால் முன்னும் பின்னும் சுழல்வதே. பிளக்கும்போதே நடுக்குருத்து நீங்கிற்று. கால் மெல்லியதாதலின் அகமும் புறமும் ஒருங்கே உலர்ந்தன. ஆதலின் அது வெடிக்கவில்லை. சிறிது நீள்வட்டமாயிற்று, அவ்வளவே. உலர்ந்த கால்கள் ஹை விக்கம் நகரப் பட்டறைகளுக்குச் சென்றன. இத்தொழில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மறைந்தது.

இரண்டாம் மரபு, இருமுறை கடைவது. ஜப்பானில் இஷிகாவா மாநிலத்து யமனாகாவில் அரக்குக் கிண்ணம் செய்வோர் இதனைக் கையாள்வர். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, நடுக்குருத்தை விலக்கி, மரம் வளர்ந்த திசையே கிண்ணத்தின் அச்சாகுமாறு துண்டங்கள் எடுக்கின்றனர். அவற்றைத் தடித்த சுவருடன் முரடாகக் கடைந்து, புகையூட்டி உலர்த்தி, கோணல் நிகழ்ந்து முடிந்தபின் மீண்டும் கடைந்து செம்மை செய்கின்றனர். வரவிருக்கும் கோணலுக்குரிய பருமனை முன்னரே விட்டுவைப்பதே இதன் நுட்பம்.

மூன்றாம் மரபு, ஈரம் நீங்கும்வரை காத்திருந்து பின் கடைவது. இதன் தொன்மைக்குச் சான்றுண்டு. கி.மு. முதல் நூற்றாண்டினரான உரோமக் கட்டட நூலார் விட்ருவியஸ், நிற்கும் மரத்தை நடுக்குருத்து வரை வெட்டி, அதன் நீர் வடிந்தபின் வீழ்த்துமாறு கூறுகிறார். 19ஆம் நூற்றாண்டில் பர்மாவில் தேக்கின் அடியைச் சுற்றி வெட்டி, ஈராண்டு மூவாண்டு நின்றவாறே உலரவிட்டனர். ஆற்றில் மிதப்பதற்காகச் செய்ததாயினும், அஃதும் காத்திருத்தலே.

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர் இம்மூன்றாம் மரபினர். அவர்கள் ஆச்சா மரத்தை, அதிலும் இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் மரத்தை நாடுவர். இதனைப் பழமையின்பாற் கொண்ட பற்று எனக் கூறிவிடுதல் எளிது. அது பொருந்தாது என்பது எம் கருத்து. நாற்காலிக் கால் சற்றே நீள்வட்டமாயினும் நிற்கும். கிண்ணம் சற்றே கோணினும் கஞ்சி ஏந்தும். நாகசுரத்தின் உலவோ அங்ஙனமன்று. நீண்ட கூம்புத் துளையும் ஏழு விரல் துளைகளும் தம் அளவினின்று பிறழுமாயின் சுரமே பிறழும். எனவே, கடைந்தபின் உலர்த்தும் முதல் மரபு இதற்கு ஆகாது. கோணலுக்கு இடம்விட்டுக் கடையும் இரண்டாம் மரபும் ஆச்சா போன்ற அடர்ந்த மரத்திற்கு நெடுங்காலம் வேண்டுவது. பல்லாண்டு கூரையின் நிழலில், மெல்லிய காற்றில் நின்ற உத்தரமோ அவ்வூர்க் காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போய்விட்டது. வெடிக்க வேண்டுவன வெடித்தும் விட்டன. வினைஞர் அவற்றை விலக்கி நல்ல பகுதியைத் தெரிந்துகொள்ளலாம். வீடே இங்கு மரம் உலர்த்தும் கொட்டகையாக இருந்தது. பழைய மரத்தின் ஒலி இனிது என்னும் கருத்தை நாம் மறுக்கவில்லை. அதற்கு முன்னரே நிறைவேற வேண்டியது உருவம் பிறழாமை என்பதையே வற்புறுத்துகிறோம்.

பொருள் எவ்வளவு கோணலைப் பொறுக்குமோ, அதற்கேற்பவே உலர்த்தும் மரபு அமைகிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும். மரத்தின் அகவைக்கு இதில் தனிச் சிறப்பில்லை. ஈரம் நீங்கிய சீர்மையே சிறப்பு. இம்முடிபு ஏட்டளவில் நிற்பதன்று. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும், மரத்தைத் தாராது. பழைய வீடுகள் எண்ணில் அடங்குவன, இடிக்குந்தோறும் குறைவன. அவை தீர்ந்தால் மரபும் தீரும் என அஞ்சவேண்டுவதில்லை. புதிய ஆச்சாவைப் பிளந்து, முனை பூசி, நிழலில் அடுக்கி, நாள் குறித்து வைப்பின், வீடு செய்த பணியைக் கொட்டகை செய்யும். ஆனால் அப்பணி இன்றே தொடங்கற்பாலது. ஏனெனில் இன்று அடுக்கும் மரத்தைக் கடையப்போவது அடுத்த தலைமுறையே.

தொல்காப்பிய மரபியல் அகத்தே காழுடையதை மரம் என்றும், புறத்தே காழுடையதைப் புல் என்றும் பகுத்துரைக்கும். மரத்தின் உள்ளியல்பை இங்ஙனம் நோக்கிய மொழியில், அதனை உலர்த்தும் வினைக்குரிய சொற்கள் பட்டறைகளில் இன்றும் வழங்கக்கூடும். அவற்றை வினைஞர் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்தல் ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாகும்.