வாசலில் கேட்ட தகுதி



பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கோலுடன் தனியே சாலையைக் கடக்கும் பார்வையற்றோரை நாம் அறிவோம். அத்திறன் பயிற்சியால் வந்தது. பயிற்சிக்கு முன்பே அதனை அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அறிவுத்திறன் குறைபாடுடைய பிள்ளைகளிடமோ நம் நாட்டு விதியே அவ்வாறு கேட்டது.

பார்வையற்றோருக்கு மலாக்காவில் 1926-லேயே இல்லம் எழுந்தது. அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்காகச் சிலாங்கூரில் ஒரு தன்னார்வச் சங்கம் தோன்றியது 1964-இல்தான். அரசுப் பள்ளியில் முன்னோடி வகுப்பு தொடங்க 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், 1997-இல் சிறப்புக் கல்வி விதிகள் வந்தன. 'கல்வி பெறத் தக்கவர்' யார் என்பதற்கு அவை தந்த விளக்கத்தைப் படியுங்கள்: பிறர் உதவியின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வல்லவர், மருத்துவர், கல்வி அமைச்சு, சமூக நல இலாகா ஆகியோர் அடங்கிய குழு ஏற்றுக்கொண்டவர். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையோர் வெளியே நிறுத்தப்பட்டனர். உடுத்தவும் உண்ணவும் கழிப்பறை செல்லவும் கற்பிக்க வேண்டிய இடம், அவற்றைக் கற்று வந்தால்தான் திறக்கும் என்றது!

கற்பிக்கும் வழி அறியப்படாத காலமும் அன்று. அமெரிக்கரான மார்க் கோல்ட் 1970-களில், கடுமையான குறைபாடுடையோருக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பொருத்தக் கற்பித்துக் காட்டினார். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்ததே அவர் செய்தது. நம் வகுப்பில் பள்ளிக் காலணி போதும். முதலில் எல்லாவற்றையும் நாமே செய்து, கடைசி ஒட்டுப்பட்டையை அழுத்துவதை மட்டும் பிள்ளையிடம் விடுகிறோம். அது கைவந்தபின் அதற்கு முந்திய படி. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவன் பிள்ளையே. உதவி பின்னிருந்து குறைகிறது. பொறுமையிழந்து நாமே மாட்டிவிட்டால் ஒரு வாரப் பயிற்சி வீண்.

1997 விதிகள் நடப்பிலிருந்த 2005-லேயே, கற்றல் குறைபாடுடையோர் தாமே நடத்தும் 'யுனைட்டெட் வாய்ஸ்' சங்கம் பதிவு பெற்றது. 2013-இல் புதிய விதிகள் வந்தன. அவையும் மூன்று மாதம் வரை சோதனைக் காலம் வைத்தன. சோதனை பிள்ளைக்கா, பள்ளிக்கா என்று கேட்கத் தோன்றுகிறது. எப்பிள்ளையையும் திருப்பி அனுப்பாக் கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் பழைய வினா மறையவில்லை. "தானாகக் கழிப்பறைக்குப் போவானா?" என்று பதிவு நாளில் கேட்பார்கள். பெற்றோர்களே, ஆம், இல்லை என்று கூறி நிறுத்த வேண்டாம். எந்தப் படிவரை தானே செய்கிறான், எங்கே கை கொடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். எங்கள் பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.