சென்னை ஃபார்முலா 4 சாலைப் பந்தயம், 2024

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாள்களில் நடந்த இரவுநேரக் கார் பந்தயம். எஃப்4 இந்தியன் சாம்பியன்ஷிப் என்னும் இளையோர் தொடரின் அவ்வாண்டு இரண்டாம் சுற்றாகவும், இந்தியன் ரேசிங் லீக் தொடரின் ஒரு சுற்றாகவும் இது அமைந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரொமோஷன்ஸ் பிரைவேட் லிமிடெட் என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. தெற்காசியாவின் முதல் இரவுநேரச் சாலைப் பந்தயம் என்று அமைப்பாளர்கள் விளம்பரம் செய்தார்கள். ஊருக்குள் அதற்கு முன்பே அது வழக்காகவும் வாக்குவாதமாகவும் பேர் வாங்கியிருந்தது.

ஓடுதளத்தின் நீளம் 3.5 கிலோமீட்டர், வளைவுகள் 19. கொடிமரச் சாலை, அண்ணா சாலையின் ஒரு பகுதி, சுவாமி சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று அது சுற்றி வந்தது. பகலில் தலைமைச் செயலகத்துக்கும் கடற்கரைக்கும் போகிற பேருந்துகளும், தூர்தர்ஷன் நிலையத்தை ஒட்டி ஆர்ப்பாட்டம் நடத்த வருபவர்களும் புழங்குகிற தெருக்கள் இவை. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசப்பட்ட நேப்பியர் பாலத்தின் மேல், இரண்டே ஆண்டில் பந்தயக் கார்கள் பாய்ந்தன.

பொதுச் சாலையைப் பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்துவது எளிய வேலை இல்லை. வேகத்தடைகளை எடுக்க வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். அந்தச் சரிவிலும், பாலம் தரையோடு சேரும் இடத்து மேட்டிலும் தாழ்வான கார்களின் அடிப்பாகம் உரசாதபடி தார் போட வேண்டும். பாதசாரிகளுக்கான வெள்ளைக் கோடுகள் மழையில் வழுக்கும். இருபுறமும் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, அவற்றின் மேல் உயரமான கம்பிவலை கட்டுவது கட்டாயம். பாதாளச் சாக்கடை மூடிகளைப் பற்றவைத்தோ வேறு வழியிலோ அசையாமல் இறுக்க வேண்டும். வேகமாகப் போகும் ஃபார்முலா கார் தன் அடிப்பாகத்தால் காற்றை உறிஞ்சிக்கொண்டே போவதால், தளர்ந்த மூடி ஒன்று மேலே எழும்பிவிடும். 2023இல் லாஸ் வேகாஸ் ஃபார்முலா 1 பயிற்சியில் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி இப்படித்தான் சேதமானது; 2019இல் பாகூவில் ஜார்ஜ் ரஸ்ஸலின் வில்லியம்ஸ் காருக்கும் இதே கதி. பணமும் அனுபவமும் குவிந்த இடங்களிலேயே இந்த நிலை என்றால், சென்னையில் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் ஆய்வாளர் தடத்தைப் பார்த்துக் கையெழுத்து இடும்வரை ஒரு காரும் ஓடக்கூடாது என்ற விதியை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது.

அந்தக் கையெழுத்துதான் பந்தயத்தின் விதியையே முடிவு செய்வதாக இருந்தது. முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடக்க வேண்டிய பந்தயம் இது. அந்த வாரத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது. வீடுகளுக்குள் தண்ணீர் நிற்கும்போது கார் பந்தயமா என்ற கேள்வி எழ, நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. இடையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அரசுப் பணத்தைத் தனியார் பந்தயத்துக்குச் செலவிடலாமா, ஓமந்தூரார் அரசு பல்நோக்கு மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ்களுக்கு வழி உண்டா, இரைச்சலை யார் கட்டுப்படுத்துவது என்பவை மனுதாரர்களின் கேள்விகள். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. ஆகஸ்டில் மறுபடியும் வழக்கு. இம்முறை தடை விதிக்க மறுத்த நீதிமன்றம், ஆகஸ்ட் 31 நண்பகல் 12 மணிக்குள் எஃப்ஐஏ சான்றிதழைப் பெற வேண்டும் என்று கெடு விதித்தது.

அன்று சனிக்கிழமை. மழை பெய்து ஆய்வு தாமதமானது. கெடுவை இரவு எட்டு மணிவரை நீட்டிக்கச் சொல்லி மீண்டும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தபோது, பகலில் நடந்திருக்க வேண்டிய பயிற்சி ஓட்டங்களின் பெரும்பகுதி போயே போய்விட்டது. அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்தார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பார்வையாளரைவிட ஓட்டுநருக்கே இந்த இழப்பு பெரிது. பந்தய வார இறுதி என்பது வெறும் பந்தயம் இல்லை. முதலில் ஃப்ரீ பிராக்டிஸ். ஓட்டுநர் தடத்தைப் பழகிக்கொள்கிறார், பொறியாளர் காரை அதற்கேற்பத் திருத்துகிறார். பிறகு குவாலிஃபையிங், தனிச்சுற்று வேகத்தை வைத்துப் புறப்படும் வரிசை தீர்மானமாகிறது. அதன்பின் அரை மணி அளவிலான குட்டிப் பந்தயங்கள். எஃப்4 தொடர்களில் பொதுவாக ஒரு வார இறுதிக்கு மூன்று பந்தயம் உண்டு. ஒன்றில் முன்வரிசையைத் தலைகீழாக்கி, வேகமானவர்களைப் பின்னால் நிறுத்தி முந்தவிடுவார்கள். இளையோர் தொடரில் வெற்றியைவிட ஓடும் நேரத்துக்கே மதிப்பு அதிகம். நிரந்தரத் தளத்தில் பிழை செய்தால் கார் மண்ணிலோ ஓரத்து வெற்றிடத்திலோ இறங்கும். மீண்டு வந்து தொடரலாம். சாலைத் தளத்தில் பிழை என்றால் சுவர்தான். புதுத் தளத்தைச் சில சுற்றுகளே பார்த்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஞாயிறன்று பந்தயத்தில் இறங்கியவர்களில் பலர் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள்.

ஃபார்முலா 4 என்பது எஃப்ஐஏ 2014இல் தொடங்கிய அடிப்படை ஒற்றை இருக்கை வகுப்பு. கார்ட்டிங்கிலிருந்து வருபவர் 15 வயதில் இதில் சேரலாம். மேலே ஃபார்முலா ரீஜனல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா 1. ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். எஃப்4 பட்டம் வென்றால் 12 கிடைக்கும். இந்தியத் தொடரின் கார் பிரெஞ்சு நிறுவனமான மிகாலின் எம்21, பின்னால் 1.3 லிட்டர் டர்போ ஆல்பைன் எஞ்சின், சுமார் 180 குதிரைத்திறன். ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்னும் உலோக வளையம். எல்லாருக்கும் ஒரே கார் என்பதால் வித்தியாசம் காட்ட வேண்டியது ஓட்டுநர்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கே ஒரு குழப்பம் நேர்வது உண்டு. கோவையைச் சேர்ந்த எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயர் தாங்கிய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்று ஒரு தேசிய வகுப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. மாருதி எஞ்சின் பூட்டிய, செலவு குறைந்த உள்நாட்டுக் கார் அது. பெயரில் நான்கு இருந்தாலும் எஃப்ஐஏ எஃப்4 அது இல்லை. இந்தியன் ரேசிங் லீக்கில் ஓடும் கார் இன்னொரு வகை: இத்தாலியின் வுல்ஃப் ஜிபி08 தண்டர், ஏப்ரிலியா மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு.

ஞாயிறு இரவு எஃப்4 வெற்றி கொச்சி அணிக்காக ஓட்டிய ஆஸ்திரேலியர் ஹியூ பார்ட்டருக்குப் போனது. பெங்களூரின் ருஹான் ஆல்வா போன்ற இந்திய இளைஞர்கள் அவரைத் துரத்தினார்கள். பார்ட்டர் யார் என்று பார்த்தால் இத்தொடரின் ஒரு பலவீனம் தெரியும். 2022இல் பிரெஞ்சு, ஸ்பானிய எஃப்4 தொடர்கள் இரண்டிலும் இரண்டாம் இடம் பிடித்து, 2023இல் ஃபார்முலா 3 வரை போய்வந்தவர் அவர். மேல்வகுப்பில் ஓடிவிட்டு வந்தவர் கீழ்வகுப்பில் வெல்வதில் வியப்பில்லை. முதன்முறை ஒற்றை இருக்கைக் காரில் ஏறிய உள்ளூர்ப் பையனுக்கு அவர் நல்ல அளவுகோல் என்று அமைப்பாளர்கள் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் கோப்பைகள் வெளிநாட்டுக்கே போய்க்கொண்டிருந்தால், கட்டணம் கட்டும் பெற்றோர் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 2023இல் பட்டம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர். 2024இல் தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய்.

அன்று தெருநாய் ஒன்று தடத்துக்குள் புகுந்ததால் ஓட்டம் சற்று நின்றது. சமூக ஊடகங்களில் வெற்றியாளரைவிட நாய்க்கே புகழ் அதிகம். 2011இல் கிரேட்டர் நொய்டா புத்த சர்வதேசத் தளத்தில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பயிற்சியையும் ஒரு நாய்தான் நிறுத்தியது. சுற்றுச்சுவர் கட்டிய நிரந்தரத் தளம் அது என்பதையும் சேர்த்தே சிரிக்க வேண்டும். துயரமும் நடந்தது. பாதுகாப்புப் பணியில் இருந்த காவல் உதவி ஆணையர் ஒருவர் மாரடைப்பால் மயங்கி விழுந்து இறந்தார்.

இளையோர் ஒற்றை இருக்கைப் பந்தயத்தைத் தெருவில் நடத்துவது சென்னை கண்டுபிடித்தது அல்ல. மக்காவ் நகரின் 6.12 கிலோமீட்டர் கியா தளத்தில் 1983இல் முதன்முதலாக ஃபார்முலா 3 ஓடியபோது வென்றவர் அயர்டன் சென்னா. அதன்பின் ஃபார்முலா 1 கனவு காணும் இளைஞர்களுக்கு மக்காவ் ஒரு தேர்வுக்கூடம். ஆபத்தும் அங்கே கண்கூடு: 2018இல் சோஃபியா ஃப்ளோர்ஷின் கார் லிஸ்போவா வளைவில் பறந்துபோய்த் தடுப்பைத் தாண்டியது, முதுகெலும்பு முறிந்தும் அவர் பிழைத்து மறுபடி ஓட்ட வந்தார். கொரோனாவால் வெளிநாட்டவர் வர முடியாத 2020இல் மக்காவே எஃப்4 கார்களைக் கொண்டு ஓட்டியது. என்றாலும், சாலைத் தளம் பொதுவாக ஃபார்முலா 3 படிக்கு மேற்பட்டவர்களுக்கு என்பதே வழக்கம். கார்ட்டிங்கிலிருந்து நேரே வந்தவரைச் சுவர்களுக்கிடையே விடுவதற்கு அமைப்பாளர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் கார் பந்தய வரலாறு இந்த இரு நாளுக்கு முன்பே நீண்டது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தி, கூட்டம் கூட்டமாக ஆட்களை வரவழைத்தார்கள். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தமான 3.7 கிலோமீட்டர் தளம் திறக்கப்பட்டது. கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி எஞ்சினைக் கொண்டு மலிவான ஃபார்முலா கார்களைக் கட்டி, பட்டறைகளையும் ஓட்டுநர்களையும் ஒருசேர வளர்த்தார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியிலும், சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஹிஸ்பானியா அணியிலும் ஃபார்முலா 1 ஓட்டினார்கள். நடிகர் அஜித்குமார் 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா 2 என்று போனவர். இவர்கள் எவரையும் உருவாக்கியது தெருப் பந்தயம் அல்ல.

ஆதரவாளர் சொல்வதிலும் பொருள் உண்டு. இருங்காட்டுக்கோட்டைக்குப் பேருந்து பிடித்துப் போய்ப் பந்தயம் பார்க்காதவர்கள் தீவுத்திடலுக்கு வந்தார்கள். விளையாட்டுத் தலைநகர் என்று மாநிலம் பெயர் வாங்க இது உதவும் என்பது அரசின் கணக்கு. அதற்கு ஈடாக அரசு ஒதுக்கியது சுமார் 40 கோடி ரூபாய், ஊர் கொடுத்தது மூன்று நாள் போக்குவரத்து மாற்றம். அதே பணத்தில் எத்தனை கார்ட்டிங் தளம் போடலாம் என்று கேட்டவர்களுக்கு நேரடியான பதில் வரவில்லை.

மற்ற நகரங்களின் அனுபவமும் உற்சாகம் தருவதாக இல்லை. கோலாலம்பூர் 2015 ஆகஸ்டில் நகரத் தெருக்களில் கிராண்ட் பிரி நடத்தியது; அது ஒரே தடவையோடு முடிந்தது. ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் 2023 பிப்ரவரி 11 அன்று மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ ஓடியது; ஆட்சி மாறியதும் 2024 பந்தயம் ரத்தாகி, ஒப்பந்தச் செலவு வழக்காக மாறியது. சாலைப் பந்தயத்துக்குத் தேவையான தெரு, போலீஸ், பணம் மூன்றும் அரசின் கையில் இருக்கின்றன. அரசின் மனம் மாறினால் பந்தயம் இல்லை. கிளப்பின் சொந்த நிலத்தில் கிடக்கும் தளத்துக்கு அந்தக் கவலை கிடையாது. எஃப்4 இந்தியத் தொடரின் 2025 பருவம் ஆகஸ்டில் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தொடங்கியது.