மன்மதன் மலையேறிய கதை

மாசி பிறந்தால் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மன்மதனைத் தெரியாத பிள்ளை இருக்காது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அருகே கம்பம் ஊன்றுவார்கள். தப்பு முழங்கும். ரதியும் மதனும் வேடம் கட்டி வீதி சுற்றுவார்கள். கடைசி இரவு விடிய விடிய ஆடி முடிக்கையில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார், மதன் சாம்பலாவான். காமன் கூத்து மலையகத்துக்கு அவ்வளவு பழகிய சங்கதி. ஆனால் அந்த மதன் தேயிலைக் கொழுந்தைப் பார்ப்பதற்கு முன் எத்தனை ஊர்த் தண்ணீர் குடித்தான் என்பது இன்னொரு பெரிய கூத்து.

தமிழ் இலக்கியத்தில் அவன் சந்தித்த முதல் அவமானத்திலிருந்தே தொடங்கலாம். பிரிந்த கணவன் திரும்ப வேண்டுமானால் பூம்புகாரில் உள்ள காமவேள் கோட்டத்தைத் தொழலாமே என்று தோழி தேவந்தி சொல்ல, அது நமக்குப் பெருமையாகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பிறகு வந்த ஆண்டாளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. கண்ணனோடு சேர்த்து வை என்று காமனையே நோன்பிருந்து கேட்கிறாள். தை மாதம் தரை மெழுகிக் கோலமிட்டு, மாசியில் வழிபாட்டைத் தொடர்கிறாள். ஆக, மாசிக்கும் காமனுக்கும் உள்ள உறவு தேயிலைக்கும் கோப்பிக்கும் ஆயிரம் ஆண்டு மூத்தது.

எரிகிற காட்சிக்கு வேறொரு வரலாறு. மதன் சாம்பலானதையும் ரதி அழுததையும் காளிதாசன் குமாரசம்பவத்தில் பெரிதாக எழுதிவைத்தான். தமிழ்நாட்டில் அந்தச் சம்பவத்துக்கு முகவரியே கொடுத்துவிட்டார்கள். சிவனின் எட்டு வீரச் செயல்களுக்கு எட்டுத் தலங்கள் சொல்லப்படுகின்றன. காமனை எரித்த தலம் மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள திருக்குறுக்கை. காவிரிக் கரைக்காரர்களுக்கு மதன் புராணத்து ஆள் மட்டுமல்லன், பக்கத்து ஊரில் செத்தவன்.

அந்தக் கரைக்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியர் அரசாள வந்தார்கள். தஞ்சாவூரில் அவர்கள் வம்சம் 1855 வரை நீடித்தது. அவர்களோடு வந்த சரக்குகளில் ஒன்று லாவணிப் பாட்டு. காமன் பண்டிகையில் அது வந்து ஒட்டிக்கொண்டபோது ஒரு விசித்திரமான சண்டை பிறந்தது. காமன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி பாடும். எரியவே இல்லை என்று மறுகட்சி பதில் பாடும். கேள்வி, மடக்கு, எதிர்க்கேள்வி என்று இரவு முழுக்க நடக்கும். வடக்கே ஹோலிக்கு முன்னிரவு மூட்டும் நெருப்புக்கும் காமதகனக் கதை சொல்வதுண்டு. தெற்கே அதே நெருப்பு வழக்காடு மன்றம் ஆகிவிட்டது.

இனி கடல். 1820களில் கம்பளைப் பக்கம் ஆங்கிலேயர் கோப்பி போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று பல பகுதிகளிலிருந்து சனங்கள் படகேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். ஆள் சேர்த்தவன் கங்காணி. அவன் சொந்தக்காரரையும் ஊர்க்காரரையும் கூட்டமாகத்தான் அழைத்துவருவான். கடன் கணக்கில் கட்டிப்போட அது வசதி. ஆனால் ஒரே ஊர்க்காரர் சேர்ந்து வரும்போது, தப்படிக்கிறவரும் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவரும் வேடம் கட்டுகிறவரும் ஒரே கூட்டத்தில் இருக்க வாய்ப்புண்டு. துரைக்குக் கூலிகளைக் கணக்கெழுதிக் கொடுத்த கங்காணி, அறியாமலேயே ஒரு நாடகக் குழுவையும் இறக்குமதி செய்திருக்கிறான்!

ஆனாலும் மதன் உடனே மலையில் குடியேறியிருக்க முடியாது. கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடித்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மாசியில் அவர்கள் சொந்த ஊர்த் திடலிலேயே காமனை எரித்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு பூஞ்சை. 1869இல் கோப்பி இலையில் தோன்றிய துருநோய் சில ஆண்டுகளில் தோட்டங்களையே தின்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். துரைமார் அந்தப் பக்கம் தாவினார்கள். தேயிலைக்கு ஓய்வு கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து. ஆள் ஊர் போக முடியாது. பெண்டு பிள்ளைகளோடு லயத்தில் குடும்பம் தங்கியது. மாசியும் மலையிலேயே வந்தது. காமனை மலையேற்றியதில் பூஞ்சைக்கும் பங்குண்டு என்பது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் லாவணி பாடலாம்.

வானமும் ஒத்துழைத்தது. அட்டனுக்கு அருகிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை வாங்கும் இடங்களில் ஒன்று. ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவது. மாசி அதற்கு முந்திய வறண்ட காலம். திறந்தவெளியில் இரவெல்லாம் ஆட இதைவிட நல்ல மாதம் மலையில் கிடைக்காது. காவிரிக் கரையில் அறுவடைக்குப் பிறகு வந்த பண்டிகை இங்கே மழைக்கு முன் வந்து பொருந்தியது.

அதே 19ஆம் நூற்றாண்டில் கூலிக் கப்பல்கள் தமிழர்களை இன்னும் தூரம் கொண்டுபோயின. ரியூனியன் தீவில் ‘பால் தமூல்’ என்றும் கரீபியனில் குவாதலூப்பில் ‘நாத்ரோன்’ என்றும் அவர்களுடைய கூத்து பிழைத்தது. அன்றாடப் பேச்சாகத் தமிழ் பிழைக்கவில்லை. மலையகத்தில் இரண்டும் பிழைத்தன. பாக்குநீரிணை சிறியது, போக்குவரத்து நிற்கவில்லை. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கிவிட்டது.

அந்த வழியில் பின்னர் வந்த தஞ்சைக்காரர் ஒருவர் தானே வேடம் கட்டியவர். கோ. நடேசய்யர் துணி வியாபாரி போலத் தோட்டத்துக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தார் என்று சொல்வார்கள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர், ‘அந்தரப் பிழைப்பு’ என்று ஒரு நாடகமும் எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். கூத்துப் பார்த்துப் பழகிய சனத்திடம் எதைச் சொன்னாலும் பாட்டாகச் சொன்னால் போய்ச் சேரும் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதிவைத்தது. பலர் நீலகிரிக்குப் போய் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள். வேடம் கட்டுகிற தகப்பன் ஒரு கரையிலும் கற்றுக்கொள்ள வேண்டிய மகன் மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன. எழுத்துப் பிரதியைவிட வாத்தியாரின் நினைவையே நம்பியிருந்த கலைக்கு அது நெற்றிக்கண்ணைவிடப் பெரிய நெருப்பு.

இப்போது பெயர்வது இளந்தாரிகள். கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். காப்புக் கட்டி விரதமிருந்து, ஒத்திகை பார்த்து ஆடவேண்டிய கூத்துக்கு, ஊரில் நின்று நிலைக்கும் ஆட்கள் வேண்டும். பூம்புகார் தொட்டு வட்டவளை வரை காமனைச் சுமந்தவர்கள், பிழைப்பு தங்கவைத்த இடத்தில் அவனை ஊன்றினார்கள். ஆகவே காமன் கூத்து அழிகிறதே என்று மேடையில் வருந்துவதைவிட, தோட்டத்தில் பிறந்த பிள்ளை தோட்டத்தோரமாகவே கௌரவமாகப் பிழைக்க வழி உண்டா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் கம்பம் தானாக ஊன்றப்படும்.