கருப்பட்டி காய்ச்சுதல்

பனையில் இறக்கிய அக்கானியை (பதநீர்) அடுப்பேற்றி, நீரை ஆவியாக்கி, மிஞ்சும் பாகினை ஆறவைத்துக் கட்டியாக்கும் தொழில். கேரளத் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களிலும், களியக்காவிளை தாண்டி விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் வழங்கியது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காய்ச்சும் முறைக்கு அந்த எல்லை தெரியாது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகும். சுக்ரோஸ் சிறுசர்க்கரைகளாக உடைவதையும் சுண்ணாம்பு தடுக்கிறது. உடைந்த சர்க்கரை மிகுந்தால், எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது.

செலவெல்லாம் நீரை ஓட்டுவதில்தான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் அக்கானி என்று கொண்டால், சுமார் 7 கிலோ நீர் ஆவியாக வேண்டும். கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வீதம் அதற்கு மட்டும் ஏறத்தாழ 16 மெகாஜூல். ஒரு கிலோ உலர்ந்த விறகின் மொத்த வெப்பமே ஏறக்குறைய அவ்வளவுதான். திறந்த அடுப்பில் அதில் பெரும்பங்கு புகையோடு போய்விடுவதால், பல கிலோ விறகு எரிகிறது. பானைக்குள் இறங்கிய வெப்பமும் ஆவியோடு கூரையேறிவிடும். சர்க்கரை ஆலைகள் அதைத் தப்பவிடுவதில்லை: 1843இல் அமெரிக்காவின் நார்பர்ட் ரில்லியூ காப்புரிமை பெற்ற ஆவியாக்கியில், ஒரு கலத்தின் நீராவியே அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கும். குடிசை அடுப்புக்கு அது எட்டாத கருவி.

நீர் வற்ற வற்றக் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸைக் கடந்து, முடிவில் 120ஐ நெருங்கும். காய்ச்சும் பெண்களுக்கு வெப்பமானி வேண்டாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருண்டு திரள வேண்டும், அதுதான் பதம். பொங்கி வந்தால் நசுக்கிய ஆமணக்கு முத்து போடுவார்கள். அதன் எண்ணெய் நுரையை அடக்கும். தடித்த பாகு தானாகச் சுழன்று வெப்பத்தைப் பரப்பாது, அடிபிடிக்கும். அதனால் துடுப்பு ஓயக்கூடாது.

இறக்கிய பிறகும் கிண்டினால் எண்ணற்ற நுண்படிகங்கள் ஒருசேரத் தோன்றும். அந்தக் கூழைச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுண்ணாம்பு நீக்கிய சாற்றை இளம்பதத்தில் இறக்கி, நூல் தொங்கவிட்டு, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் சில படிகங்களே பிறந்து பெரிதாக வளரும்: அது பனங்கற்கண்டு. சர்க்கரை ஒன்றே, ஆறும் வேகமும் கைபடுதலும்தான் வேறு.

கருப்பட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கசியத் தொடங்கும் என்பதால், வீட்டு அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கிவைப்பது வழக்கம்.